ஒட்டிக்கொண்ட பட்டன்

கதவை யாரோ மூன்று முறை தட்டினார்கள். ஏசுரத்தினம் கட்டிலுக்கு அடியில் இருந்தார்.

நாற்பத்தெட்டு வயது. தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். ஓடுகிற லைனில் கை வைக்கும்போதுகூட முகம் சுளிக்காத மனிதர். அப்பேர்ப்பட்டவர் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வெயில் பளிச்சென்று அடிக்கிற நேரத்தில், தேவிகுளத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வெங்காயக் கூடைக்கும் டிரங்குப் பெட்டிக்கும் நடுவே மடங்கிக் கிடந்தார் என்றால் யார் நம்புவார்கள்? அவருக்கே நம்ப முடியவில்லை. ஆனால் வெளியே வரவும் முடியவில்லை.

"திறக்காதே," என்று கிசுகிசுத்தார்.

செபமாலையம்மாள் கேட்கிற ஆளா? "மூணு நாளா கக்கூசுக்குப் போகவும் என்னையத் துணைக்குக் கூப்பிடுதிய. கொழுந்து கிள்ளப் போகாம நான் உங்களுக்குக் காவல் இருக்கேன். வந்தது யமனா இருந்தாலும் சரி, டீ குடுத்து ஒக்கார வைப்பேன்," என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து அவருக்குத் தெரிந்தது இரண்டு ஜோடிக் கால்கள்தான். ஒன்று பெண்ணின் கால், கான்வாஸ் ஷூ. மற்றது வெடித்துப்போன குதிகால், ரப்பர் செருப்பு. ரப்பர் செருப்புக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நரைத்த மீசை ஒன்று தலைகீழாகத் தெரிந்தது.

"வணக்கமுங்க. அங்க இன்னொருத்தருக்கு இடம் இருக்குதுங்களா? வர்ற வழியில ஒவ்வொரு வளைவுலயும் எனக்கும் இப்படித்தான் பூந்துக்கணும்னு தோணுச்சு."

"செங்கோட்டையண்ணா, எந்திரிங்க," என்றாள் அந்தப் பெண். "ஏனுங்க, பயப்படாதீங்க. என் பேரு மௌனிகா. பாலக்காட்டுல டிடெக்டிவ் ஆபீஸ் வெச்சிருக்கறேன். இவரு என் அசிஸ்டென்ட்."

"முப்பது வருசம் பஸ் கண்டக்டருங்க," என்று மீசை திருத்தியது. "பேருல மட்டும் அம்மிணி மௌனம். பேச்செல்லாம் நான்தான்."

"எலப்புள்ளியில இருந்து பூபதிராஜான்னு ஒருத்தர், வட்டவடையில இருக்கற அவங்க நெலத்தைப் பார்க்க வந்தாரு. திங்கக்கிழமையில இருந்து ஆளைக் காணலீங்க. அவங்கம்மா ராமாத்தாள் சோறு தண்ணி இல்லாம கெடக்கறாங்க. அதான் தேடி வந்தோம்."

எலப்புள்ளி என்ற சொல் காதில் விழுந்ததும் ஏசுரத்தினம் வெங்காயக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் கேக்கலை," என்றார்.

மௌனிகா தரையில் உட்கார்ந்தே விட்டாள். "பார்க்கலைன்னு சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேனுங்க. கேக்கலைன்னு சொல்றீங்க. என்ன கேட்டீங்க?"

அகப்பட்டாயிற்று. ஏசுரத்தினம் முழங்கையால் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். சட்டையெல்லாம் வெங்காயச் சருகு. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். செபமாலை சாத்தினாள். கொண்டியையும் போடச் சொன்னார். அதையும் போட்டாள்.

மேசைமேல் ஒரு கையடக்க ஹாம் ரேடியோ செட் இருந்தது. அதுதான் அவருடைய பைத்தியம். மற்றவர்கள் கிளி வளர்ப்பார்கள், சீட்டாடுவார்கள். ஏசுரத்தினம் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, காற்றில் பேசுகிறவர். தினமும் காலை எட்டு மணிக்கு மூன்று பேர் செட்டைத் திறப்பார்கள். இங்கே இவர், தேவிகுளம் பஜாரில் தையல்கடை சுவக்கீன், வட்டவடையில் பூண்டு விவசாயி கபிரியேல். அங்கே மழையா, இங்கே பனியா, யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, பூண்டு காய்ந்ததா என்று அரைமணி நேரம் பேச்சு போகும். இதைப் போனில் பேசினால் என்ன என்று கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது. போன் என்பது டவர் தயவில் பிழைக்கிற சாமான், பெருமழைக்கு முதலில் படுப்பது அதுதான் என்பது அவர் கட்சி. பட்டனை அமுக்கிக்கொண்டு இருமுகிறவர்களையும், சினிமாப் பாட்டை ஓட்டுகிறவர்களையும் கண்டால் ஆகாது. பேசுகிறவன் தான் யார், எங்கிருந்து பேசுகிறான் என்று சொல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பதில் மட்டும் அவர் வேதம் மாதிரி கறார்.

அந்தக் கறார்தான் இப்போது கழுத்துக்குக் கத்தியாக வந்திருந்தது.

"செவ்வாக்கிழமை எட்டே முக்கால் இருக்கும்," என்று தொடங்கினார். "நாங்க பேசி முடிச்சாச்சு. செட்டை அணைக்கப் போறேன், திடீர்னு ஜீப்பு எஞ்சின் சத்தம். யாரோ செட்டு மேல ஒக்காந்திருக்கான். பட்டன் அமுங்கிப்போச்சு. உள்ள பேசுறதெல்லாம் அப்படியே வருது."

"என்ன பேசுனாங்க?"

"எலப்புள்ளிக்காரன் நெலத்து ஆதாரப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கான்னு ஒருத்தன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாரு, நெலத்தை எழுதித் தரலேன்னா பாறைக்கு மேல கூட்டிட்டுப் போ, கால் இடறி விழுந்தான்னு சொல்லிரலாம்னு இன்னொருத்தன். மூணாவதா ஒரு சின்ன வயசுக் குரல், வேண்டாம்ணேன்னு. அந்தக் குரல் எஞ்சின் சத்தத்துல சரியா விளங்கலை."

செங்கோட்டையன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். இன்று வெள்ளிக்கிழமை.

"நீங்க என்ன பண்ணுனீங்க?" என்றாள் மௌனிகா.

ஏசுரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். "பழக்கதோஷம். யாரு பட்டன் ஒட்டிக்கிட்டாலும் சொல்லுறது எங்க மரியாதை. நானும் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, 'உங்க பட்டன் ஒட்டிக்கிட்டிருக்கு, பாத்துக்கோங்க'ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். சொல்லி முடிச்சப்புறம்தான் அவனுவ பேசுனது என்னன்னு மண்டையில ஏறுச்சு."

"கொலைகாரனுக்கு விலாசம் குடுத்த மொத மனுசன் நீங்கதானுங்க," என்றார் செங்கோட்டையன். "பின்கோடும் சொன்னீங்களா?"

"சும்மா இருங்கண்ணா."

"மறுநாள் விடியக்காலம் இது வாசல்ல கெடந்துச்சு." ஏசுரத்தினம் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். உள்ளே கறுப்பு வயர் மூன்று துண்டு. கூரைமேல் இருக்கிற ஆன்டெனாவிலிருந்து செட்டுக்கு வருகிற வயர் அது. நூலால் கட்டி, ஒரு சீட்டுச் செருகியிருந்தது.

மௌனிகா வாசித்தாள். "பட்டன் ஒட்டிக்கொண்டதைச் சொன்னதற்கு நன்றி. இனி உன் வாயும் ஒட்டியே இருக்கட்டும்."

கொட்டை கொட்டையான அச்செழுத்து. யார் கையெழுத்து என்று சொல்ல முடியாது. செபமாலை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒரு பொம்பளப்புள்ள இருக்குங்க. சோனா, பிளஸ் டூ படிக்கி," என்றார் ஏசுரத்தினம். "அவ பஸ்ஸேறிப் போயிட்டு வாற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்லை. அந்த மனுசனும் ஒரு தாய் பெத்த புள்ளதான், எனக்குத் தெரியும். மூணு நாளா எனக்குத் தூக்கம் கெடையாது. ஆனா நான் ஸ்டேஷன் படி ஏறுனா எம்மவளை என்ன செய்வானுவளோ? நீங்க இங்க வந்ததே அவனுவளுக்குத் தெரிஞ்சிருக்கும். தயவுசெஞ்சு போயிருங்க."

மௌனிகா போகவில்லை. செட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டுப் பட்டனைக் கட்டை விரலால் தடவினாள்.

"எனக்கு இது புதுசுங்க. இதை அமுக்கிட்டு நான் பேசறேன்னு வைங்க. அப்ப எதிராளி பேசறது எனக்குக் கேக்குமுங்களா?"

"கேக்காது. பட்டனை விட்டாத்தான் கேக்கும். அமுக்கியிருக்கிற வரைக்கும் செட்டுக்குக் காது…"

ஏசுரத்தினம் நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"செட்டுக்குக் காது கெடையாது," என்றார் மெதுவாக. "ஜீப்புல பட்டன் அமுங்கித்தான் இருந்துச்சு. நான் பேசுனது அவனுவளுக்குக் கேட்டிருக்கவே முடியாது." இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பயம் வந்து உட்கார்ந்த பிறகு மூளை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"அப்ப இந்தச் சீட்டை எழுதுனது ஜீப்புக்காரன் இல்லீங்க. வேற ஒரு செட்டுல உங்க குரலைக் கேட்டவன்," என்றாள் மௌனிகா.

நியாயமாக அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜீப்புக்காரன் முகம் தெரியாத அயலான். இது யாரோ தெரிந்தவன் என்றதும் பயம் இன்னும் கிட்டத்தில் வந்து நின்றது.

"உங்க பேச்சை யார் வேண்ணாலும் கேக்கலாமுங்களா?"

"முடியாது. ஜீப்பு, எஸ்டேட்டு செட்டுக்காரங்க பேச்செல்லாம் உள்ள வராம ஒரு டோன் வச்சுப் பூட்டியிருக்கோம். எங்க செட்டுகளுக்கு மட்டுந்தான் தொறக்கும். மொத்தம் நாலு செட்டு. எனக்கு ஒண்ணு, கபிரியேலுக்கு ஒண்ணு, சுவக்கீன் அண்ணனுக்கு ரெண்டு."

"அப்புறம் எப்படிங்க ஜீப்புக்காரன் உள்ளார வந்தான்?"

மௌனிகா செங்கோட்டையனைப் பார்த்துக் கண்ணால் கூரையைக் காட்டினாள். அவர் முனகிக்கொண்டே வெளியே போனார். தகரத்தின் மேல் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஏசுரத்தினம் தோளைக் குறுக்கினார்.

"அம்மிணி," என்று மேலிருந்து குரல் வந்தது. "ஆன்டெனாவில தொங்கற மிச்ச வயரு இங்கிருக்குது. அறுத்த முனையில டேப்பு சுத்தியிருக்குதுங்க. நல்லா இறுக்கி, நாலு சுத்து. முனையைக் கீழ பார்த்து மடக்கிக் கட்டியும் விட்டிருக்கான். திருட வந்தவன் வாசல் கூட்டிக் கோலம் போட்டுட்டுப் போன மாதிரி இருக்குதுங்க."

"எதுக்குங்க அப்படிப் பண்ணணும்?" என்று மௌனிகா கேட்டாள்.

ஏசுரத்தினத்துக்குப் பதில் தெரியும். "மழைத்தண்ணி எறங்காம இருக்க. வயருக்குள்ள ஈரம் போச்சுன்னா முழு வயரும் வீண். வெளிநாட்டுல சொல்லி வரவழைச்ச வயரு அது." வயர்த் துண்டுகளைத் திரும்ப மூட்டையில் வைத்தார். "செட்டுக்காரன் எவனுக்கும் வெறும் முனையை வானத்தைப் பாக்க விட்டுட்டு வர மனசு வராது. கை தன்னால டேப்பு சுத்தும்."

"கபிரியேலும் உங்க குரலைக் கேட்டாருங்க. ஜீப்பு மலைக்கு இந்தப் பக்கம், அதனால அவருக்கு அது கேக்கலை, நீங்க பட்டன் ஒட்டிக்கிச்சுன்னு சொன்னது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் மூணு நாளா நீங்க பேச்சுக்கே வரலேன்னு கவலைப்பட்டு, அவர்தான் எங்களை இங்க அனுப்புனாரு. மிரட்டறவன் ஆளனுப்ப மாட்டான்." மௌனிகா எழுந்தாள். "சுவக்கீன் கடை எந்தப் பக்கமுங்க?"

"அவரா? எனக்கு இந்த வித்தையைக் கத்துக்குடுத்ததே அவருதான். அந்த ஆன்டெனாவை நானும் அவருமாத்தான் ஏத்துனோம். அவரு பையன் ஜிஜோவுக்கு நான் ஞானஸ்நானத்துல தொட்டப்பா. தலையைத் தொட்டு நின்னவன்."

"அதான் டேப்பை நாலு சுத்து சுத்தியிருக்காருங்க."

லயத்திலிருந்து பஜாருக்கு எட்டு நிமிட நடை. ஏசுரத்தினம் மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் வாசல் தாண்டினார். எதிரே வந்த ஒவ்வொரு ஜீப்புக்கும் தேயிலைச் செடிக்குள் ஒதுங்கினார். காய்கறி ஜீப் ஒன்று ஹார்ன் அடித்ததற்கு மௌனிகாவின் தோளைப் பிடித்தே விட்டார். அவள் கையைத் தட்டிவிடவில்லை.

தையல்கடை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. சுவக்கீன் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். துணி ஒன்றும் இல்லாமல் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். ஏசுரத்தினத்தைப் பார்த்ததும் கால் நின்றது. பக்கத்தில் செட் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. செட்டை வைக்கிற தாங்கி இரண்டு. ஒன்று காலி.

"உங்க ரெண்டாவது செட்டு எங்கீங்க?" என்றாள் மௌனிகா.

சுவக்கீன் அவளைப் பார்க்கவில்லை. ஏசுரத்தினத்தையே பார்த்தார்.

"ஏசு, என்னைய மன்னிச்சிரு."

"நீயாண்ணே? நான் கட்டிலுக்கு அடியில கெடந்தேண்ணே. எம்மவ பஸ்ஸுல போறப்பல்லாம் செத்துச் செத்துப் பொழைச்சேன். நீயா எழுதுன?"

"செவ்வாக்கிழமை நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வேண்டாம்ணேன்னு ஒருத்தன் சொன்னாம்லா? உனக்கு வெளங்கலை. பெத்தவனுக்கு வெளங்காதா? ஜிஜோதான் அது. செட்டை எங்கிட்டக் கேக்காம எடுத்துட்டுப் போயிருக்கான். அவனுவளுக்கு ஜீப்பு ஓட்டுதான்." சுவக்கீன் முகத்தை மூடிக்கொண்டார். "நீ நல்லவன். எப்படியும் ஸ்டேஷனுக்குப் போவன்னு தெரியும். போனா எம்மவனையும் சேத்துப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. கொலைக்கேசு. ஒத்தப் புள்ள. உன்னையப் பயங்காட்டி வச்சா ரெண்டு நாள்ல எல்லாம் அடங்கிரும்னு நெனைச்சேன்."

"எதுவும் அடங்கலீங்க. இன்னைக்குச் சாயங்காலம் பூபதிராஜாவைப் பாறையில இருந்து தள்ளப் போறாங்க," என்றாள் மௌனிகா. "எங்க வெச்சிருக்காங்க?"

சுவக்கீன் மிஷினை விட்டு எழுந்தார். "வட்டவடை போற வழியில, மேட்டுல, யூக்காலித் தைலம் காய்ச்சுற பழைய கொட்டகை. ஒருதடவை ஜிஜோ அங்கேருந்து செட்டுல பேசியிருக்கான். அங்க போன் எடுக்காது. செட்டு எடுக்கும்."

மௌனிகா வெளியே போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்து இடத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். "வர்றாங்க. ஆனா மலை ஏறி அங்க சேர முக்கால் மணி நேரம் ஆகுமாம். அதுக்குள்ள அந்தப் பையன் மனசு வெச்சா பூபதிராஜாவை அவுத்து விடலாம். வேண்டாம்ணேன்னு சொன்னவன்தானுங்களே. கூப்பிடுங்க."

"நான் கூப்பிட்டா பேச மாட்டான். ஆறு மாசமா எங்களுக்குள்ள பேச்சு இல்லை." சுவக்கீன் செட்டை ஏசுரத்தினத்திடம் நீட்டினார். "தொட்டப்பா கூப்பிட்டா வருவான்."

ஏசுரத்தினம் இரண்டடி பின்னால் போனார். இதுவரைக்கும் ஜீப்புக்காரர்களுக்குத் தன்னைத் தெரியாது. கடவுள் கிருபையால் அவர்கள் காதில் தன் குரல் விழவே இல்லை. இப்போது பட்டனை அமுக்கினால் நிஜமாகவே விழும். யார் யார் பக்கத்தில் நிற்கிறார்களோ? சோனா இப்போது வகுப்பில் இருப்பாள்.

"வேண்ணா நான் மிமிக்ரி பண்ணட்டுங்களா?" என்று செங்கோட்டையன் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

ஏசுரத்தினம் செட்டை வாங்கினார். இரண்டு முறை பட்டன் தவறியது. மூன்றாவது முறை அமுக்கினார்.

"ஜிஜோ. தொட்டப்பா பேசுதேன். நீ இருக்கற எடமெல்லாம் எனக்குத் தெரியும் மக்கா. அந்த மனுசனை அவுத்து விட்டுரு. ஒனக்கு ஒண்ணும் வராம நான் கூட நிக்கேன். கேக்குதா?"

பட்டனை விட்டார். இரைச்சல். வெறும் இரைச்சல். கடைக்கு வெளியே யாரோ முட்டைக்கோஸ் மூட்டைகளை இறக்கிப் போடுகிற சத்தம் கேட்டது. சுவக்கீன் உதடு எதையோ ஜெபித்துக்கொண்டிருந்தது.

செட் கரகரத்தது. வந்தது ஜிஜோவின் குரல் இல்லை. பாறைக்கு மேல கூட்டிட்டுப் போ என்று செவ்வாய்க்கிழமை சொன்ன அதே குரல்.

"தொட்டப்பாவா? நல்ல நேரத்துல வந்த. உம்மவன் நேத்தே எலப்புள்ளிக்காரனை அவுத்து விட்டுட்டான். ஆளு காட்டுக்குள்ள எறங்கி ஓடிட்டான். அவனைக் கட்டி வச்சிருந்த கயித்துல இப்ப உம்மவன் இருக்கான். சாயங்காலத்துக்குள்ள எலப்புள்ளிக்காரன் இங்க திரும்பி வரணும். வரலேன்னா, பாறைக்கு யாரு விழுந்தா என்ன?"

செட் அடங்கியது.

முதலில் பேசியவர் செங்கோட்டையன். மிகவும் மெல்லப் பேசினார். "அம்மிணி, நம்ம ஆளு தப்பிச்சுட்டாருங்க. ராமாத்தாளுக்குச் சொல்லிப்போடலாம்."

"காட்டுல தேட ஆளனுப்பச் சொல்லி ஸ்டேஷனுக்கும் சொல்லுங்க. நாம வந்த ஜீப்பு எங்க நிக்குது?"

"நம்ம வேலை முடிஞ்சுதுங்களே."

"முடியலீங்கண்ணா," என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஜீப்பைக் கொண்டுவர ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சுவக்கீன் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். "செவ்வாக்கிழமையே நீ ஸ்டேஷனுக்குப் போயிருந்தா எம்மவன் லாக்கப்புல இருந்திருப்பான், ஏசு," என்றார். "உசுருக்குப் பயமில்லாம இருந்திருப்பான். நாந்தான் உன்னையப் போக விடலை. எம்மவனை நாந்தான் கட்டிப் போட்டேன்."

ஏசுரத்தினத்துக்குச் சொல்ல நிறைய இருந்தது. மூன்று நாள் கோபம். அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் கையை மிஷினிலிருந்து எடுத்து வாசலுக்குக் கூட்டி வந்தார். ஜீப் வந்து நின்றது. அவர் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"நீ வராதே ஏசு," என்றார் சுவக்கீன். "ஒனக்குப் பயமா இருக்கும்."

"பயமாத்தான் இருக்கு," என்றார் ஏசுரத்தினம். "நீ ஏறுண்ணே."